பள்ளிகளுக்கிடையே குறும்படப் போட்டி நடத்துவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேச்சுப் போட்டியும் ஓவியப் போட்டியும் நடத்திவந்த அரிமா, ரோட்டரி சங்கங்களும் கலைக் கல்லூரிகளும் இப்போது பள்ளி மாணவர்களுக்குக் குறும்படப் போட்டி அறிவிக்கத் தொடங்கியிருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் சிறார் திரைப்பட விழா தொடங்கியது. படம் பார்த்துப் பேசப் பழகிய பிள்ளைகளுக்கு, தாமும் ஒன்று எடுத்துப் பார்க்கலாம் என்ற ஆசை வருவது இயல்புதான். வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் இந்தப் போட்டிகளில் பல, அறிவிப்புத் தாளிலேயே கெட்டுவிடுகின்றன.

‘தலைப்பு: சமூக விழிப்புணர்வு. நேரம்: 10 நிமிடத்துக்கு மிகாமல். கடைசி நாள்: இன்றிலிருந்து இரண்டு வாரம்.’ இந்த மூன்று வரிகளைப் படித்தாலே என்னென்ன வந்து சேரும் என்று சொல்லிவிடலாம். கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடிட் செய்த படம், சினிமாப் பாட்டு, கடைசிக் காட்சியில் திருந்தும் குடிகார அப்பா. அவகாசம் குறைந்தால் பெரியவர்கள் கையில் எடுத்துக்கொள்வார்கள். நேரம் கூடினால் மாணவர்கள் திணறிப் பெரியவர்களிடம் போவார்கள். தலைப்பு பொதுவாக இருந்தால் எல்லாப் பள்ளியும் ஒரே படத்தை எடுக்கும். பிறகு, மாணவர் கை இதில் எங்கே இருக்கிறது என்று நடுவர்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். விதிமுறை எழுத உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் நேரம். மூன்று நிமிடம் போதும். டைட்டிலும் அதற்குள் அடக்கம். மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி. ஒரு ஷாட் சராசரி 5 விநாடி என்றால் 36 ஷாட் வேண்டும். வீணாகப் போவதையும் சேர்த்து 60 ஷாட், ஒவ்வொன்றும் 15 விநாடி எடுத்தால் மொத்தம் 15 நிமிடப் பதிவு. செல்போனில் ஃபுல் எச்டியில் எடுக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 100 முதல் 130 எம்பி வரை ஆகும். ஆகமொத்தம் 2 ஜிபிக்குள் முடிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமைகளில் எடுத்து, இன்னும் இரண்டு சனிக்கிழமைகளில் எடிட் செய்துவிடக்கூடிய அளவு இது. நடுவர் பக்கமிருந்தும் கணக்குப் போடுங்கள். 45 படங்கள் வந்தால், படத்துக்கு 3 நிமிடம், மதிப்பெண் போட 2 நிமிடம், மொத்தம் 225 நிமிடம். மூன்றே முக்கால் மணி நேரம். அதே 45 படங்கள் பத்துப் பத்து நிமிடமாக வந்தால் ஒன்பது மணி நேரம் ஆகும். ஒன்பது மணி நேரம் யாரும் பார்க்க மாட்டார்கள். ஓட்டி ஓட்டித்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்துக் கொடுத்த பரிசுக்கு என்ன மதிப்பு?

நேர மீறலுக்கு 10 விநாடி சலுகை கொடுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 விநாடிக்கும் 5 மதிப்பெண் கழிவு என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். படத்தை நீக்குவதாக மிரட்டினால், கடைசி நேரத்தில் யாருக்கும் நீக்க மனம் வராது. அப்புறம் விதி செத்த விதிதான். பள்ளி லோகோ சுழல்வது, தாளாளர் படம், ‘எங்களை ஊக்குவித்த’ என்று தொடங்கும் நன்றிப் பட்டியல் எதற்கும் படத்துக்குள் இடமில்லை என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மூன்று நிமிடத்தில் முதல் நாற்பது விநாடி அதற்கே போய்விடும். பள்ளியின் பெயரும் படத்தில் வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண் மட்டும் முதல் சட்டகத்தில் (ஃப்ரேமில்) வரட்டும்.

அடுத்தது நாள்காட்டி. ஜூன் கடைசி வாரத்தில் அறிவிப்பு, ஜூலையில் ஒரு நாள் பயிற்சி, ஆகஸ்ட் முடிவதற்குள் படப்பிடிப்பு, காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒப்படைப்பு, காலாண்டு விடுமுறை முடிந்தபின் திரையிடல். இந்த வரிசைதான் நம் பள்ளிகளுக்கு ஒத்துவரும். அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. வெளிப்புறப் படப்பிடிப்பை நம்ப முடியாது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அதற்குப் பிறகு, பொதுத்தேர்வு எழுதும் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைக் கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் போய் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாப் போட்டித் தேதிகளைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். இரண்டிலும் அதே பிள்ளைகள்தான் இருப்பார்கள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரு பிரிவு, 9 முதல் 12 வரை இன்னொரு பிரிவு. குழுவுக்கு ஐந்து பேர். ஆறாவது ஆள் வந்தால் அவர் வேடிக்கைதான் பார்ப்பார்.

தலைப்புக்கு வருவோம். விழிப்புணர்வு என்ற சொல்லை அறிவிப்பிலிருந்து எடுத்துவிட்டாலே படங்கள் பாதி தேறிவிடும். பிளாஸ்டிக், செல்போன் மோகம், மரம் வளர்ப்போம் என்று எழுதினால் பிள்ளைகள் சுவரொட்டியைத்தான் படமாக்குவார்கள். மாறாக, கேமராவை ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் தலைப்பாகக் கொடுங்கள்: ‘எங்கள் தெருவில் ஒரு கைவேலை’, ‘ஒரு பொருள் பழுது பார்க்கப்படுகிறது’, ‘பள்ளிக்கு வரும் வழி’. பூக்கட்டும் ஓர் அம்மாவை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தெருவும் கடையும் தெரியும் தூர ஷாட் ஒன்று. மடியில் குவிந்த மல்லிகை ஒன்று. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து நூலைச் சுற்றி விரலால் முடிச்சை இழுக்கும் கை, மிக நெருக்கமாக. அந்த முடிச்சு விழுவதைக் கவனிக்க ஒரு மாணவர் பத்துத் தடவையாவது பார்க்க வேண்டியிருக்கும். அங்கேதான் கல்வி நடக்கிறது. கைக்கு வேலை கொடுத்துவிட்டு வாடிக்கையாளரைப் பார்க்கும் முகம். முழம் அளக்கும் முழங்கை. ஒவ்வொன்றையும் 10 விநாடிக்குக் குறையாமல், கேமராவை அசைக்காமல் எடுத்தால் எடிட்டிங் தானாக அமையும். கதைப் படம்தான் வேண்டும் என்றால் ஒரே இடம், மூன்று கதாபாத்திரம், உரையாடல் இல்லை என்று கட்டுப்பாடு வையுங்கள். தூக்கு, விஷம், ரத்தம், குடி, சிகரெட் காட்சிகளுக்கு அனுமதி இல்லை என்பதையும் வெளிப்படையாகவே போட்டுவிடலாம்.

கருவிக்கு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. செல்போன் போதும், எல்லாருக்கும் செல்போன் மட்டுமே என்று விதியே வைக்கலாம். டிஎஸ்எல்ஆர் கேமரா, டிரோன் இரண்டையும் தடுத்துவிட்டால் வசதியான பள்ளிக்கும் கிராமத்துப் பள்ளிக்கும் இடைவெளி குறையும். மாணவர்கள் பள்ளிக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது நடைமுறை. அதனால் குழுவுக்கு ஒரு பொறுப்பாசிரியர், அவர் வசம் செல்போன், தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதி என்று வகுத்துக்கொள்ள வேண்டும். படமெடுக்கும் முன் ஐந்து காரியம்: லென்ஸைப் பருத்தித் துணியால் துடைப்பது, 10 ஜிபி இடம் காலி செய்வது, ஃப்ளைட் மோடில் போடுவது (அழைப்பு வந்தால் பல செல்போன்களில் பதிவு நின்றுவிடும்), செல்போனைக் கிடைமட்டமாகப் பிடிப்பது, திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுவது. கடைசியைச் செய்யாவிட்டால், பின்னால் யாராவது நடந்துபோகும் ஒவ்வொரு முறையும் படம் வெளிறி இருண்டு விளையாடும். வகுப்பறை டியூப்லைட்டின் கீழ் எடுத்த படத்தில் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது. ஷட்டர் வேகம், அதாவது ஒரு ஃப்ரேமுக்குக் கேமரா ஒளியை வாங்கும் நேரம், அதற்குப் பொருந்தாதபோது பட்டை விழும். கேமரா அமைப்புகளை நாமே மாற்றும் புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடி என வைக்கலாம். இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையை ஜன்னலுக்கு முகம் காட்டி உட்காரவைப்பதே நல்லது. ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் கறுத்துவிடும்.

படங்கள் தோற்பது பெரும்பாலும் ஒலியில்தான். படம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசத் தொடங்கிவிடுவார். கான்கிரீட் வகுப்பறையில் பத்தடி தள்ளி நிற்கும் செல்போன், பேசுபவரின் குரலோடு சுவரில் மோதித் திரும்பும் குரலையும் மின்விசிறியையும் அடுத்த வகுப்பு வாய்ப்பாட்டையும் சேர்த்தே எடுக்கும். எந்த ஆப்பும் அதை முழுமையாகப் பிரித்துக் கொடுக்காது. பிரித்துக் கொடுப்பதாகச் சொல்லும் ஆப்புகள் பல குரலைத் தகர டப்பாவுக்குள் தள்ளிவிடும். இதற்குச் செலவில்லாத வழி, இரண்டாவது செல்போன். அதில் குரல் பதிவைத் தொடங்கி, பேசுபவரின் சட்டைப்பையில் தலைகீழாக வைக்க வேண்டும். பெரும்பாலான செல்போன்களில் பேசும் மைக் அடிப்பக்கத்தில், சார்ஜர் துளைக்கு அருகில் இருக்கிறது. தலைகீழாக வைத்தால் அது வாய்க்குப் பக்கமாக வரும். இரண்டு செல்போனும் ஓடத் தொடங்கியதும் கேமராவுக்கு முன் ஒருமுறை பலமாகக் கைதட்ட வேண்டும். எடிட்டிங்கில் கை சேரும் சட்டகத்தையும் ‘டப்’ என்ற ஒலியையும் நேராக்கினால் உதடும் குரலும் பொருந்திவிடும். விசிறியை அணையுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், பாடவேளை மணி அடிக்கும் நேரத்தைக் கரும்பலகையில் எழுதிவையுங்கள். யாரும் பேசாமல் அந்த அறையின் ஒலியை மட்டும் 30 விநாடி தனியாகப் பதிவு செய்துகொண்டால், வெட்டிய இடங்களில் ஒலி திடீரென விழுந்து எழுவதை அதைக்கொண்டு மூடலாம்.

வெளிப்புறத்தில் எதிரி காற்று. ஜூலை, ஆகஸ்ட் என்றால் ஆடிக்காற்று. தேனி, கம்பம், பொள்ளாச்சிப் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. மைக்கின் மேல் பஞ்சு உறை இல்லாமல் எடுத்தால் குரலுக்குப் பதில் ‘புடபுட’ என்ற சத்தம்தான் பதிவாகும். சுவர் மறைவில் நிறுத்தி எடுப்பது பாதித் தீர்வு. பேச்சை உள்ளே பதிவு செய்து படத்தின்மேல் பின்னணிக் குரலாக வைப்பது முழுத் தீர்வு. ஆயிரம் ரூபாய்க்குள் ஒயருள்ள காலர் மைக் கிடைக்கிறது. வாங்கினால், அந்தச் செல்போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டைப்-சி துளையில் மாட்டும் மைக் என்றால், சில கம்பெனி செல்போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜியை (வெளிக் கருவிகளை இணைக்கும் வசதியை) இயக்க வேண்டும். பயன்பாடு இல்லாமல் பத்து நிமிடம் போனால் அது தானாக அணைந்தும்விடும். மைக் மாட்டியும் குரல் வரவில்லை என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் பத்து விநாடி பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தொடர வேண்டும்.

எடிட்டிங்குக்கு செல்போனில் கைன்மாஸ்டர், விஎன், இன்ஷாட். கணினியில் ஷாட்கட், ஓப்பன்ஷாட். இவையே தாராளம். இலவசப் பதிப்பில் ஓரத்தில் வரும் வாட்டர்மார்க்குக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று நடுவர்களிடம் சொல்லிவையுங்கள். குறைத்தால் பிள்ளைகள் திருட்டு மென்பொருளைத் தேடிப் போவார்கள். தமிழ் டைட்டிலில் ஒரு தனித் தொல்லை உண்டு. சில எடிட்டிங் செயலிகளில் ‘கொ’ என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று உடைந்து வரும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. எழுத்துகளைச் சேர்க்கும் வேலையை அந்தச் செயலி செய்யவில்லை என்பதுதான் காரணம். எழுத்து சரியாக வரும் வேறொரு செயலியில் டைட்டிலைத் தயாரித்து, 1920க்கு 1080 அளவில் படமாகச் சேமித்து அதை உள்ளே கொண்டுவந்தால் தீர்ந்தது. கையால் சாக்பீஸில் எழுதி எடுத்த டைட்டில் இதைவிட அழகு என்பது எங்கள் கட்சி.

ஒப்படைப்பில் கலவரம் வராமலிருக்க மூன்று தகவல் தெளிவாக வேண்டும்: கோப்பு வகை எம்பி4, வீடியோவைச் சுருக்கும் முறை எச்.264, பட அளவு 1920க்கு 1080. புதிய செல்போன்கள் பல எச்.265இல் சேமிக்கின்றன, பழைய விண்டோஸ் கணினியில் அது கறுப்புத் திரையாகத் திறக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிப்போகும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். கூகுள் ஃபாரத்தில் கோப்பு ஏற்றச் சொல்பவர்கள் அதன் செட்டிங்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். மொத்தக் கொள்ளளவு தானாக 1 ஜிபி என்றுதான் வைக்கப்பட்டிருக்கும். படம் ஒன்றுக்கு 180 எம்பி என்றால் ஆறாவது பள்ளியோடு கதவு அடைபடும். நடத்துபவரின் டிரைவில் இலவச இடமும் 15 ஜிபிதான். ஏற்றுகிறவருக்குக் கூகுள் கணக்கும் வேண்டும், ஆகவே அதைப் பொறுப்பாசிரியர் செய்யட்டும். இணையம் மெதுவான ஊர்களுக்கு பென்டிரைவை வாங்கிக்கொள்ளும் ஒரு முகவரியும் அவசியம். வந்த அன்றே திறந்து, கடைசி வரை ஓட்டிப் பார்த்து, ‘கிடைத்தது, ஓடுகிறது’ என்று பதில் அனுப்புங்கள். திரையிடல் காலையில் ஓடாத கோப்பு தெரியவந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

இது மாணவர் எடுத்ததுதானா? உறுதிமொழிக் கடிதம் வாங்கிப் பயனில்லை. எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். வெட்டாத மூலப் பதிவுகளையும், கையால் எழுதிய ஷாட் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். இறுதிச் சுற்றுக்கு வரும் பத்துக் குழுக்களிடம் ஐந்து நிமிட நேர்காணல் வையுங்கள்: இந்த ஷாட்டை ஏன் தாழ்வாக வைத்தீர்கள், இங்கே வெட்டியது யார், எடுத்துவிட்டுத் தூக்கிப் போட்டது எது? தானே எடுத்த பிள்ளை கடைசிக் கேள்விக்கு நிறுத்தாமல் பேசும். ஸ்டுடியோவில் செய்யப்பட்ட படத்துக்காரர் பொறுப்பாசிரியர் முகத்தைப் பார்ப்பார். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய காட்சிக்கும் குரலுக்கும் இடமில்லை. எழுத்துப் பிழை திருத்தவோ சப்டைட்டில் போடவோ பயன்படுத்தினால் சொல்லிவிட வேண்டும் என்ற அளவில் விதி இருக்கட்டும்.

மதிப்பெண்ணில் பார்வைக்கும் சொல்முறைக்கும் 35, ஒலிக்கு 25, படப்பிடிப்புக்கு 15, எடிட்டிங்குக்கு 15, நேர்காணலுக்கு 10 எனப் பிரிக்கலாம். முதல் சுற்றைத் தொண்ணூறுக்கே போட்டு, பத்துக் குழுக்களைத் தேர்ந்தபின் நேர்காணலைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று நடுவர்கள்; ஒருவர் எடிட்டரோ ஒளிப்பதிவாளரோ, ஒருவர் ஆசிரியர், ஒருவர் வெளி மாவட்டத்துக்காரர். சிறப்பு விருந்தினரை நடுவராக்க வேண்டாம். மூவரின் மதிப்பெண்ணையும் அப்படியே கூட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் எல்லாப் படத்துக்கும் 70க்கும் 76க்கும் இடையே போடுவார். இன்னொருவர் 30 முதல் 85 வரை அள்ளி இறைப்பார். கூட்டினால் முடிவைத் தீர்மானிப்பவர் இரண்டாமவர் மட்டுமே. ஒவ்வொரு நடுவரின் பட்டியலையும் முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசையாக்கி, அந்த எண்களைக் கூட்டுங்கள். குறைந்த எண் வென்றது. முதல் இரண்டு படங்களை மூவரும் சேர்ந்து பார்த்து, மதிப்பெண்ணை வாய்விட்டுப் பேசிக்கொண்டால் அளவுகோல் ஓரளவு ஒன்றாகும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி கருத்து எழுதி அனுப்புங்கள். கேடயம் பள்ளி அலமாரிக்குப் போகிறது. பிள்ளை கையில் மிஞ்சுவது இந்த இரண்டு வரிதான்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். படத்தில் தோன்றும் ஒவ்வொரு மாணவரின் பெற்றோரிடமும் எழுத்து ஒப்புதல் வேண்டும். திரையிடலுக்குத் தனியாகவும் இணையத்தில் ஏற்றத் தனியாகவும் இரண்டு கட்டங்கள், இரண்டு கையெழுத்து. கடைக்காரர், தொழிலாளி, பாட்டி என யார் தோன்றினாலும் அவர்களைக் கேட்டே எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் உண்மைச் சம்பவத்தை அடையாளம் தெரிய எடுப்பது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இரண்டுக்கும் எதிரானது. தண்டவாளம், கிணற்று விளிம்பு, மொட்டை மாடிச் சுவர் ஆகிய இடங்களில் எடுத்த ஷாட் இருந்தால் படம் நிராகரிக்கப்படும் என்று எழுதுங்கள். மாணவன் பைக் ஓட்டும் காட்சிக்கும் அதே விதி. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. சாட்சியைப் பிள்ளைகளே படம்பிடித்துக் கொடுத்ததாகிவிடும். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். மாணவர், ஊழியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் பள்ளி நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தரும் விலக்கு, யூடியூப்பில் ஏற்றிய படத்துக்குப் பொருந்தாது. பள்ளியிலேயே பறையும் உறுமியும் வாசிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைப் பதிவு செய்யலாம். இல்லாவிட்டால் யூடியூப் ஆடியோ லைப்ரரி இருக்கிறது. பெயர் குறிப்பிடக் கேட்கும் இசைக்குப் பெயர் போட வேண்டும்.

திரையிடலுக்கு முந்தின நாள் அதே அரங்கில், அதே மடிக்கணினியில் எல்லாப் படத்தின் முதல் இருபது விநாடியையும் ஓட்டிப் பாருங்கள். எச்டிஎம்ஐ ஒயரை மாட்டியதும் ஒலி புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கருக்குப் போய்விடும். கணினியில் ஒலி வெளியீட்டை மாற்றி, தனி ஒயரில் அரங்கின் ஒலி மிக்சருக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு படம் கத்தும், அடுத்தது முணுமுணுக்கும். எந்தப் படத்துக்கு எவ்வளவு ஒலி என்று எண் வாரியாகக் குறித்து, மிக்சரில் உட்காரும் மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டாத அரங்கில் பகலில் எந்தப் புரொஜெக்டரும் எடுபடாது. படங்கள் முதலில், உரைகள் பிறகு. மாற்றினால் பிள்ளைகளின் படம் ஓடும்போது பேருந்துக்கு நேரமாகியிருக்கும்.

பரிசாகப் பணத்துக்குப் பதில் செல்போனை நிறுத்தும் முக்காலியும் (டிரைபாட்) மைக்கும் பள்ளிக்குக் கொடுத்தால் அடுத்த ஆண்டுக் குழுவுக்கு உதவும். சான்றிதழ் ஐந்து பேருக்கும், அவரவர் செய்த வேலையின் பெயரோடு: ஒலிப்பதிவு, எடிட்டிங், ஒளிப்பதிவு. பெயரும் முன்னெழுத்தும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி தமிழிலும் ஆங்கிலத்திலும் விண்ணப்பத்திலேயே வாங்கிவிடுங்கள். மூலப் பதிவுகளை முடிவு வெளியாகி ஒரு மாதம் வரை மேல்முறையீட்டுக்காக வைத்திருந்து, பிறகு குழுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தங்களிடம் உள்ள பிரதியை அழித்துவிட வேண்டும். அழித்த தேதியைப் பொறுப்பாசிரியருக்கு எழுத்தில் தெரிவிப்பதும் நடத்துபவரின் வேலைதான்.

இப்படிக்கு,
மாணவர் குறும்படப் பயிற்சி ஆசிரியர்கள் சிலர்,
திண்டுக்கல்.